பாதியில் நிற்கும் ஒட்டுப்போர்வை: வீடு திரும்பியதும் மலையகத்தில் மறுபடி தொடங்குவது எப்படி

கொழும்பில் வேலை, மலையில் வீடு என்று இருப்பவர்களுக்கு, துண்டுத் துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை ஒரே மூச்சில் முடிவதில்லை. தீபாவளிக்கு வந்தபோது துணி வெட்டுவார்கள், பொங்கலுக்கு வந்தபோது பாதி இணைப்பார்கள், சித்திரைக்குப் பெட்டியைத் திறந்தால் பூஞ்சை மணக்கும். தைக்கத் தெரியாததால் கெட்ட போர்வையைவிட, நிறுத்தக்கூடாத கட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனதால் கெட்ட போர்வைதான் அடிக்கடி கண்ணில் படும். குண்டூசி துருப்பிடித்துத் துணியில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். வரைந்த கோடு மறைந்திருக்கும். மெசின் வேறு விதமாகத் தைக்கும். ஆகவே எப்படித் தைப்பது என்பதோடு எங்கே நிறுத்தலாம் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்கிறோம்.

உதாரணத்துக்கு ஓர் ஆள் படுக்கும் கட்டிலுக்கான போர்வையை எடுத்துக்கொள்வோம்: 60 அங்குல அகலம், 78 அங்குல நீளம். முடிந்தபின் 6 அங்குலம் வரும் சதுரங்கள், குறுக்கே 10, நீளத்தில் 13, மொத்தம் 130. முதல் போர்வைக்கு இதைவிடச் சிறிய துண்டு வேண்டாம். நட்சத்திரம், அறுகோணம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

தேவையானவை

மேல்துணிக்கு 45 அங்குல அகலப் பருத்தி 4 மீற்றர். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சதுரத்தையும் 6½ அங்குலமாக வெட்ட வேண்டும். அகலத்தில் ஆறு சதுரம் வரும். 22 வரிசை வெட்டினால் 132 கிடைக்கும், இரண்டு மிச்சம். காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வெட்டுத்துணியைக் கிலோக் கணக்கில் வாங்குபவர்கள் நெசவைப் பார்த்து வாங்குங்கள். இழுத்தால் நீளும் டீசேட் துணியும் நீளாத சட்டைத் துணியும் ஒரே போர்வையில் சேர்ந்தால் முதல் கழுவலிலேயே சுருக்கம் விழும். சட்டைத் துணி, பழைய சாரம், பருத்திச் சீலை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

அடித்துணிக்கு ஒரு பழைய பருத்திச் சீலை போதும். ஐந்தரை மீற்றர் சீலையில் 68 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் இணைத்தால் 68 × 87 அங்குலம் அளவில் வரும். மேல்துணியைவிட நாலு பக்கமும் 3 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இதில் சரியாகிவிடும். மீதி 80 அங்குலத்தில், போர்வையின் ஓரத்தை மூடித் தைக்கும் கரைப்பட்டியும் எடுக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடுத்தித் தேய்ந்து இழை விலகிய பகுதி இருந்தால் அதைத் தவிர்த்து வெட்டுங்கள்.

நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்புக்கு மெல்லிய பொலியெஸ்டர் வாங்குங்கள். பருத்தி விரிப்பு தொடுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் நுவரெலியாவில் ஒருமுறை கழுவினால் காய்வதற்கு எத்தனை நாள் காத்திருப்பது? பழைய ஃபிளனல் போர்வை வீட்டில் இருந்தால் அதுவும் நல்ல நடுத்துணி. இலவம் பஞ்சு மலிவு என்று அதை அடைக்க வேண்டாம். அந்த இழை குட்டையானது, வழுக்கும். ஒன்றோடொன்று பிடிக்காமல் நகர்ந்து மூலையில் திரளும். தலையணைக்குப் பொருத்தம், போர்வைக்கு இல்லை.

எல்லாத் துணியையும் வெட்டுமுன் கழுவிக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும், பத்திக், கைத்தறிச் சிவப்பு, கருநீலம் சாயம் விடும். நனைத்த வெள்ளைத் துண்டை மேலே வைத்து அயன் பண்ணுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள். மூன்று கழுவலுக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணியைப் போர்வையில் சேர்க்காதீர்கள்.

வந்த முதல் நாள் தைக்க வேண்டாம்

பயணக் களைப்பில் வெட்டுவதும் தைப்பதும் பிழைக்கும். அன்றைக்குச் செய்ய வேண்டியது சோதனை மட்டும்.

பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல் வெளியே, வெயிலிலோ திண்ணையிலோ திறவுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மண்வாசம்போல ஒரு புளித்த வாசம் வந்தால் எங்கேயோ பூஞ்சை இருக்கிறது என்று அர்த்தம். மடிப்புகளின் உள்பக்கத்தையும் பெட்டியின் அடியில் இருந்த துண்டுகளையும் முதலில் பாருங்கள், ஈரம் தேங்குவது அங்கேதான். மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்தால் பூஞ்சை மேலோட்டம். உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் துடைத்து, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் காட்டி, பிறகு கழுவினால் போய்விடும். கறுப்புப் புள்ளியாக இருந்தால் இழைக்குள் இறங்கிவிட்டது. ஒரு பங்கு வினாகிரி, நாலு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் வாசம் போகும், கறை குறையும், முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வினாகிரியோடு குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பஞ்சு விரிப்பில் பூஞ்சை பிடித்திருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்.

இணைத்து இன்னும் அடித்துணி சேர்க்காத மேல்துணியைக் கழுவ வேண்டி வந்தால் வாஷிங் மெசினில் போடக்கூடாது. உள்பக்க ஓரங்களெல்லாம் பிரிந்து நூல் நூலாக வரும். அகலமான பேசினில் தண்ணீர் விட்டு, மடித்தபடியே அமுக்கி அமுக்கி எடுத்து, முறுக்காமல், ஒரு துவாயில் சுருட்டித் தண்ணீரை இறக்குங்கள்.

துணியில் ஒழுங்கில்லாத சிறு ஓட்டைகளும் அரித்த மேற்பரப்பும் தெரிந்தால் இராமபாணப் பூச்சியின் வேலையாக இருக்கலாம். அதற்கு மாவுப்பொருள் என்றால் உயிர். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவது அதற்கு விருந்து வைப்பது மாதிரி. விறைப்பு வேண்டுமென்றால் தைக்கப்போகும் அன்று மட்டும் தெளியுங்கள்.

துருக்கறை வெள்ளைத் துணியில் இருந்தால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிப் பாருங்கள். நிறத்துணியில் வேண்டாம், புளிப்பு சாயத்தையும் சேர்த்து வெளுக்கும். கறை விழுந்த கட்டம் ஒன்றிரண்டுதான் என்றால், மிச்சமிருக்கும் சதுரத்தை வைத்து மாற்றிவிடுவது சுலபம்.

மெசின்

அடுத்த நாள் காலை மெசின். மலையில் மெசினுக்கு நேரும் பெரும்பாலான கோளாறுக்கு இரண்டு காரணம்: ஈரமும், பிழையான எண்ணெயும்.

ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையிலும் அடிநூல் சுற்றிய பொபின் கூட்டுக்குள்ளும் அடைந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். ஊதாதீர்கள்; வாயின் ஈரம் இரும்பில் படியும், பஞ்சும் இன்னும் உள்ளே போகும். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அதன் கீழேதான் முதலில் துரு பிடிக்கும்.

எண்ணெய் என்றால் தையல் மெசினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகைக்குக் கிட்ட. போத்தலில் உறைந்து நிற்கும் எண்ணெய் மெசினுக்குள்ளும் அப்படியேதான் நிற்கும், காலம் போகப் பிசினாகவும் மாறும். முன்பு யாராவது விட்டிருந்து கைச்சக்கரம் கனமாகச் சுற்றினால், சரியான எண்ணெயை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு விட்டு, நூலில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். பழைய பிசின் இளகி வெளியே வரும்; துடையுங்கள்; மறுபடி ஒரு சொட்டு. பிறகு பழைய துணி ஒன்றை, துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்துக்கு அடியில் வைத்துப் பாதத்தை இறக்கி இரவு முழுக்க விட்டால், வழியும் எண்ணெயைத் துணி குடித்துக்கொள்ளும். புதிய மின்சார மெசின்களில் கையேடு சொல்லும் இடத்தைத் தவிர எங்கும் எண்ணெய் விடாதீர்கள்.

கால் மெசினில் தோல் பட்டி ஈரத்தில் தளர்ந்து வழுக்கும். காலை மிதித்தும் சக்கரம் தயங்கினால் கொக்கியைக் கழற்றிப் பட்டியில் அரை அங்குலம் வெட்டி மறுபடி கோத்துவிடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் இறுகிப்போய் மிதிப்பது கடினமாகும்.

புது ஊசி போடுங்கள். பருத்தியை இணைக்க 80/12 அளவு, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14. போனமுறை விட்டுப்போன ஊசி நேராகத் தெரிந்தாலும் நுனியில் துரு இருக்கும். அது இழையை இழுத்துக் கொடுக்கும். நூலையும் சோதியுங்கள்: ஒரு முழம் உருவி இரு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் சட்டென்று அறுகிற நூல் போர்வைக்கு ஆகாது.

அடுத்து துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் வளையம் வளையமாக நூல் வந்தால் பொபினைத் திருக ஆரம்பிக்காதீர்கள், குற்றம் மேல்நூலில். பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு இடையே நூல் உட்காராது. பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை முழுதாகக் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கலாம், அல்லது முழுதாக மேலே ஏறாமல் மாட்டப்பட்டிருக்கலாம்.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி இடிக்கும். கரண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றுங்கள், திரும்ப வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

விட்ட இடத்தைப் பிடிப்பது

எங்கே விட்டோம் என்பது ஞாபகமிருக்கும், எந்த அளவில் விட்டோம் என்பதுதான் மறந்துபோகும். போன முறை தைத்த தையல் ஓரம், அதாவது தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி, கால் அங்குலம். இந்தமுறை ஊசி நிற்கும் இடமோ பாதமோ மாறியிருந்தால் ஒரு நூல் அகலம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். ஓரம் 1/16 அங்குலம் கூடினால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துணியிலுமாக 1/8 அங்குலம் குறையும். பத்துச் சதுர வரிசையில் ஒன்பது இணைப்பு. மொத்தம் 1⅛ அங்குலம் போச்சு. பழைய வரிசை 60½ அங்குலம், புதிய வரிசை 59⅜ அங்குலம். இரண்டையும் எப்படி இழுத்துச் சேர்த்தாலும் போர்வை தரையில் தட்டையாகப் படுக்காது.

சோதனை இது. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, ஓரங்களை ஒரே பக்கம் மடித்து அயன் பண்ணுங்கள். நடுப்பட்டி சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் அகலம். கூடினால் ஓரம் குறுகல். சரியானதும் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஊசித் தகட்டில் பிளாஸ்டர் பட்டி ஒட்டி வையுங்கள், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டு போகட்டும். பழைய வரிசைகளே 60½ வராமல் 60 வந்திருந்தால், பிரிக்காதீர்கள். புதியவற்றையும் அதே ஓரத்தில் தையுங்கள். எல்லா வரிசையும் ஒரே நீளமாக இருப்பதுதான் முக்கியம், அது எந்த நீளம் என்பது இல்லை.

வெட்டிவைத்த சதுரங்களையும் நம்பிவிடாதீர்கள். ஈரத்தில் கிடந்த துணி கோணியிருக்கும். நீராவி இல்லாமல், தேய்க்காமல், அயனை வைத்து அமுக்கி அமுக்கி எடுத்தபின் அடுக்கில் நாலைந்தை அளந்து பாருங்கள்.

இணைப்பு: மழை நாள் வேலை

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வெயிலை நம்பக்கூடியது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் தலைகீழ்: ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை, ஜூலையிலிருந்து கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும். பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கும் ஹட்டன் பக்கத்து திம்புள்ளத் தேயிலைக்கும் தரமான பருவம் வேறு வேறு மாதத்தில் வருவது இதனால்தான். உங்கள் விடுமுறை எந்தப் பக்கம், எந்த மாதம் என்று பார்த்து வேலையைப் பிரியுங்கள். இணைப்பும் கைத்தையலும் மழை நாளுக்கு. துணி கழுவுவதும் மூன்று அடுக்கை விரித்துச் சேர்ப்பதும் காய்ந்த நாளுக்கு.

சதுரங்களைத் தரையில் பரப்பி நிறம் பார்த்து அடுக்கியதும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். வரிசைக்கு ஒரு காகிதத் துண்டில் எண் எழுதி முதல் சதுரத்தில் நூலால் கட்டுங்கள், குண்டூசி வேண்டாம். இரண்டு இரண்டாகச் சேர்த்து, நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக மெசினுக்குள் விட்டால் நூலும் நேரமும் மிச்சம். ஒற்றை எண் வரிசையில் ஓரங்களை இடப்பக்கமும், இரட்டை எண் வரிசையில் வலப்பக்கமும் மடித்து அயன் பண்ணுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு மூலைகள் சரியாகச் சந்திக்கும்.

நிறுத்துவதானால் வரிசை முடிவில் நிறுத்துங்கள். அரை வரிசையில் விட்டுப்போனால் திரும்பி வந்து இரண்டு வெவ்வேறு ஓரத்தில் ஒரே வரிசையைத் தைப்பீர்கள்.

மூன்று அடுக்கைச் சேர்த்தல்

இதை ஒரே இருப்பில் முடித்தாக வேண்டும், பாதியில் எழுந்து பயணம் போக முடியாது. அரை நாள் ஒதுக்குங்கள். லயத்து (தோட்டத் தொடர்வீட்டு) அறையில் கட்டிலை நகர்த்தினாலும் இடம் போதாவிட்டால், சனசமூக நிலையத்து மேசைகளையோ பாடசாலை மேசைகளையோ கேட்டு இரண்டைச் சேர்த்துப் போடலாம். சிமெந்துத் தரை ஈரமான நாளில் வியர்க்கும். துடைத்துக் காயவிட்டுப் பிளாஸ்டிக் பாய் விரித்தபின்பே துணியை வையுங்கள்.

அடித்துணியை உள்பக்கம் மேலே தெரிய விரித்து, சுருக்கமில்லாமல், ஆனால் இழுக்காமல், ஓரங்களைப் பிளாஸ்டரால் தரையில் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் விடுவித்ததும் அது சுருங்கும், மேல்துணி பொங்கி நிற்கும். அதன்மேல் பஞ்சு விரிப்பு. அகலம் போதாவிட்டால் இரண்டு துண்டின் ஓரத்தையும் முட்டவைத்துக் கையால் தையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடம் வரம்புபோலப் புடைக்கும். அதன்மேல் மேல்துணி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவி விரியுங்கள். பொலியெஸ்டர் விரிப்பு உள்ளே போனபின் சூடான அயனைத் தொடாதீர்கள், உருகி ஒட்டும்.

இப்போது மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்து வைக்க வேண்டும். சமவெளிக்காரர்கள் சேப்டி பின் குத்துவார்கள். 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் இந்தப் போர்வைக்கு முந்நூறுக்குக் கிட்ட வேண்டும். இங்கே இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும் சாத்தியம் இருந்தால் பின் குத்தவே வேண்டாம். துருப்பிடிக்க ஒரு மாதம் தேவையில்லை. நூலோட்டம் போடுங்கள்: வெள்ளைப் பருத்தி நூலில் 2 அங்குல நீளத் தையல், நடுவில் ஆரம்பித்து நாலு பக்கமும் வெளியே போகும்படி, 4 அங்குலத்துக்கு ஒரு கோடு, நெடுக்கும் குறுக்கும். ஏறக்குறைய 65 மீற்றர் நூல் பிடிக்கும். சிவப்பு நூல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்று எடுக்காதீர்கள், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். நூலோட்டம் போட்ட போர்வையைச் சுருட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். பாதியில் விட்டுப்போவதற்கு இதைவிடப் பாதுகாப்பான கட்டம் இல்லை.

மேல்தையல்

மூன்று அடுக்கையும் நிரந்தரமாகப் பிடிக்கும் தையல் இது. மெசினில் தைப்பதானால் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் 2 அங்குலம் தள்ளி இரு பக்கமும் நெடுக்குக் கோடு. பத்துச் சதுரத்துக்கு இருபது கோடு. கோடுகளுக்கிடையே எங்கும் 4 அங்குலத்துக்கு மேல் வராது. அதற்கு மேல் இடைவெளி விட்டால் கழுவக் கழுவப் பஞ்சு நகரும். கோடு வரையத் தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டின் கூர்ப்பக்கம் போதும், கழுவினால் போய்விடும். தானாக மறையும் ஊதாப் பேனா மலையின் ஈரக்காற்றில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மறையும். தண்ணீரில் போகும் நீலப் பேனாவின் மேல் அயன் பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும்.

தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீற்றர். பாதத்தின் அழுத்தத்தைத் திருகிச் சற்றுக் குறையுங்கள், இல்லாவிட்டால் மேல்துணி முன்னால் தள்ளப்பட்டுக் கோட்டின் முடிவில் மடிந்துபோகும். மூன்று அடுக்கையும் ஒரே வேகத்தில் இழுக்கும் நடைப்பாதம் உங்கள் மெசினுக்குக் கிடைத்தால் வாங்குங்கள், அந்தச் செலவு வீணாகாது. மெசின் கைக்குள் போகும் பக்கத்தை இறுகச் சுருட்டி, நடுக்கோட்டில் ஆரம்பித்து வலப்பக்கம் முழுதும் முடியுங்கள், பிறகு போர்வையைத் திருப்பி மற்றப் பாதி. அடுத்தடுத்த கோடுகளை ஒரே முனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று தைத்தால் இடையில் துணி சாய்வாக அலை அலையாக நிற்கும். தொங்கும் பாரத்தைத் தாங்க இடப்பக்கம் ஒரு கதிரை வையுங்கள். பாரம் ஊசியை இழுத்தால் ஊசி உடையும்.

நாள் குறைவாக இருந்தால் முடிச்சுப் போர்வை செய்யுங்கள். யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும், நாலு சதுரம் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த பருத்தி நூலைக் கீழே இறக்கி மேலே எடுத்து இரட்டை முடிச்சு. 130 நடு, 108 மூலை, மொத்தம் 238 முடிச்சு. நூல் முனையை அரை அங்குலத்துக்குக் குறைத்து வெட்டாதீர்கள், அவிழும். முடிச்சு வேலையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கையால் தைப்பவர்கள் 18 அங்குலத்துக்கு மேல் நூல் எடுக்க வேண்டாம். வட்டச் சட்டத்தைப் போட்டுத் தைத்தால் எழும்பும்போதெல்லாம் கழற்றுங்கள். மாட்டியபடி விட்டுப் போனால் அந்த வட்டம் துணியில் பதிந்து அழுக்கும் பிடிக்கும்.

கரைப்பட்டி

சீலையின் மிச்சத்தில் 80 அங்குல நீளம், 2½ அங்குல அகலத்தில் நாலு பட்டி. முனைகளைச் சாய்வாக இணைத்தால் 312 அங்குலம் வரும். போர்வையைச் சுற்றி 276 அங்குலம் என்பதால் மூலைக்கும் முடிவுக்கும் தாராளம். மேல்துணிக்கு வெளியே நீளும் அடித்துணியையும் பஞ்சையும் வெட்டிவிட்டு, பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் பண்ணி, மேல்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பாக நிறுத்தி, துணியை வெளியே எடுத்து, பட்டியை நேர் மேலே மடித்து 45 பாகைச் சாய்வு உண்டாக்கி, உடனே நேர் கீழே மடித்து அடுத்த பக்கத்தை ஆரம்பியுங்கள். கடைசி 8 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, இரு முனையையும் அளந்து இணைத்தபின் மூடுங்கள். பிறகு பின்பக்கம் திருப்பிக் கையால் மறைதையல்.

இந்தக் கைத்தையல் மழை இரவுக்கு ஏற்றது. போர்வை மடியில் கிடக்கும், குளிரும் தெரியாது.

முடிந்ததும் நூலோட்டத்தை உருவிக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். ஈரப் போர்வையை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதன் பாரமே தையலை அறுக்கும்; இரண்டு கயிற்றை ஓர் அடி இடைவெளியில் கட்டி அதன்மேல் பரப்புங்கள். தேயிலைச் செடிமேல் விரித்தால் குச்சி கொளுவி இழை இழுக்கும். பின்னேரம் மூடுபனி இறங்குமுன், இரண்டு மணிக்கெல்லாம், உள்ளே எடுத்துவிடுங்கள். முழுதாகக் காயாவிட்டால் அடுத்த நாள் மறுபடி.

மறுபடி கிளம்புமுன்

கடைசி நாள் தைக்க உட்காராதீர்கள். பெட்டி கட்டுவதற்கே அரை நாள் வேண்டும்.

எல்லாக் குண்டூசியையும் எண்ணி எடுங்கள். மெசினிலிருந்து ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள். துணிகளை வெயிலில் காட்டி, சூடு ஆறியபின் மடியுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். பொலித்தீன் பையில் கட்டுவது மழையிலிருந்து காப்பாற்றும் என்று தோன்றும், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை அங்கேயே வளரும். சுத்தமான தலையணை உறையே போதும். மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், இரண்டு பலகைத் துண்டின்மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் ஈரம் இருக்காது என்பது உண்மைதான். புகையும் கரியும் துணியில் ஏறுவதும் நெருப்புப் பயமும் அதே அளவு உண்மை. அங்கே வேண்டாம்.

ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேலே வையுங்கள்: ஊசி எண், தையல் நீளம், தையல் ஓரம், முடிந்த வரிசை எண், அடுத்த வேலை. அதே அமைப்பில் தைத்த சிறு துண்டுத் துணி ஒன்றையும் சேர்த்துக் கட்டினால், திரும்பி வந்து ஓட்டும் முதல் தையலை அதோடு ஒப்பிடலாம். வீட்டில் இருப்பவர்களிடம் மூடியை மட்டும் வெயில் நாளில் காலை பத்து மணிபோல் திறந்து, பன்னிரண்டுக்கு மூடச் சொல்லுங்கள். மழை நாளில் திறந்து பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

பையில் கொண்டுபோக மெசின் வேண்டாத வேலையைப் பிரித்தெடுங்கள். அடுத்த போர்வைக்கான சதுரம் இருபது, ஊசி இரண்டு, நூல் ஒன்று, சிறு கத்தரிக்கோல், எல்லாம் ஒரு பிஸ்கட் பேணிக்குள் அடங்கும். பதுளை ரயிலின் ஆட்டத்தில் நேர்கோட்டுத் தையல் வராது; ஊசியில் நூல் கோத்து வைப்பது, காகிதத் துண்டில் துணியை மடித்து ஓரம் கட்டுவது போன்ற வேலைக்கு அது போதும். விமானத்தில் போகிறவர்கள் கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.